குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால், வளரும் நாடுகளில் தொழிற்சாலை வேலைகள் குறைந்துவிடுமா?

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம். அம்மா 14 வருடம் நண்டு கம்பெனியில் சதை எடுத்தவர். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட ஒட்டாமல் சதையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூலி கிலோ கணக்கு. பாடு, அதாவது கடலில் கிடைக்கும் பிடி, நன்றாக இருந்தால் இருட்டும்வரை வேலை இருக்கும். காற்றடித்துப் படகு போகாத நாளில் மதியம்வரை காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

"சட்டக் கூலி கொடுத்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான்" என்று கம்பெனிக்காரர்கள் அப்போதே சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. இந்தக் கம்பெனி சரியில்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம் என்கிற ஊரில், கூலி ஏற்கெனவே உழைப்பின் மதிப்புக்குப் பக்கத்தில் வந்திருக்கும்; அதற்கு மேல் ஏற்றினால் ஆளைக் குறைப்பார்கள். எங்கள் கரையில் இருப்பதே நாலைந்து கம்பெனி, எல்லாவற்றிலும் ஒரே ரேட்டு. அதனால் கூலி உழைப்பின் மதிப்புக்குக் கீழேதான் நிற்கிறது. இங்கே கொஞ்சம் ஏற்றினாலும் முதலாளிக்கு லாபம் மிஞ்சும். எத்தனை பேருக்கு வேலை என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கூலி எவ்வளவாக இருந்தாலும் விசைப்படகு போகாது.

பங்களாதேஷைப் பாருங்கள். ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013-இல் 3,000 டாக்காவிலிருந்து 5,300 ஆனது. 2018-இல் 8,000, 2023-இல் 12,500. 2013-க்குப் பின் ஐந்தே வருடத்தில் ஆடை ஏற்றுமதி சுமார் 2,100 கோடி டாலரிலிருந்து 3,000 கோடியைத் தாண்டியது. ஆனால் ஏற்றுமதி வளர்ந்த அளவுக்கு வேலைகள் பெருகவில்லை. ஸ்வெட்டர் ஆலைகளில் கையால் பின்னியவர்களின் இடத்துக்கு தானாகப் பின்னும் ஜாக்கார்டு இயந்திரங்கள் வந்தன. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்காகவே, பல வருடம் தூங்கிவிட்டு ஒரேயடியாக ஏற்றாமல், விலைவாசியோடு சேர்த்து வருடாவருடம் ஏற்ற வேண்டும் என்கிறேன்.

அப்புறம், இங்கே சட்டம் வந்து சேர்வதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே, கிலோ கணக்கில் வேலை செய்பவருக்கும் நாள் கூலி நிர்ணயித்திருந்தால் அதற்குக் குறையக் கூடாது என்று இருந்தது. வேலைக்கு வந்தவருக்கு முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனாலும் முழுநாள் கூலி உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன.

போன மாதம் இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "காத்திருந்த நாளுக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.