முதல் எடிட்டிங் கம்ப்யூட்டர்: தவணையா, நகைக் கடனா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு திருமண ஸ்டூடியோவில் உதவியாளராக இருக்கிறேன். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். சேமிப்பு 1,10,000 ரூபாய். வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்து கொடுத்தால், ஒரு கல்யாணத்துக்கு 7,000 ரூபாய் தருவதாக முதலாளி சொல்கிறார். எங்கள் கேமராக்கள் 4கே, 10 பிட் 4:2:2, எச்.265 முறையில், அதாவது வண்ண விவரங்களை அதிகமாக வைத்துக் கோப்பை இறுக்கிச் சுருக்கிப் பதிவு செய்பவை. கடையில் 1,35,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். அதில் இன்டெல் ஐ5-12400எஃப் பிராசசர், 38,000 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 28,000 ரூபாய்க்கு 32 ஜிபி ரேம், 17,000 ரூபாய்க்கு வாட்டர் கூலரும் கண்ணாடி கேபினட்டும், 1 டிபி எஸ்எஸ்டி, மானிட்டர் ஆகியவை அடக்கம். 60,000 கட்டினால் மீதியை வட்டியில்லாமல் 12 தவணையாகச் செலுத்தலாமாம். அம்மாவோ தவணை வேண்டாம், நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் வேலைக்குத் தேவையான கம்ப்யூட்டர் கையிலுள்ள சேமிப்புக்குள்ளேயே, அதுவும் 80,000 ரூபாயைத் தாண்டாமல் அமையும். மீதி 30,000 ரூபாயை அவசரத் தேவைக்கென்று வங்கியில் விட்டுவைக்கலாம்.

தவணை 6,250 ரூபாய் என்பது முகூர்த்த மாதங்களில் ஒரு கல்யாண வேலையின் கூலிதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். எடிட்டிங் கூலி பெரும்பாலும் பெண்வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ ஸ்டூடியோவுக்குப் பாக்கியைக் கொடுத்த பிறகே உங்களுக்கு வரும் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இன்னும் கையில் வராத கூலியை நம்பி ஓராண்டுக் கடனை ஏற்பதும், அதற்காக அம்மாவின் நகையை வெளியே அனுப்புவதும் சரியல்ல. ‘வட்டியில்லை’ என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாக வாங்குபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போவதிலும், செயலாக்கக் கட்டணத்திலும் அந்த வட்டி அடங்கியிருக்கலாம். முழுத் தொகையையும் இன்றே கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள், வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி கொட்டேஷனுக்கு வருவோம். பிராசசரின் பெயர் முடிவில் உள்ள ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, அதற்குள் கிராபிக்ஸ் பகுதி இயங்காது என்று பொருள். அந்த எழுத்து இல்லாத ஐ5-12400 சற்றே விலை கூடுதலானது. ஆனால் அதில் ‘குவிக் சிங்க்’ எனப்படும் வீடியோ பகுதி உண்டு. இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து இந்தப் பகுதி, உங்கள் கேமரா தரும் 10 பிட் 4:2:2 எச்.265 கோப்பை நேரடியாகப் பிரித்துக் காட்டக்கூடியது. 38,000 ரூபாய் விலை போட்டிருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 அந்த வகைக் கோப்பை அப்படிப் பிரிக்காது. அதைத் தயாரிக்கும் என்விடியாவின் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் அந்த வசதியோடு வந்தது. ஆகவே இந்தக் கொட்டேஷன்படி வாங்கினால், பெரும் தொகை கொடுத்த பிறகும் எடிட் செய்யும்போது டைம்லைனில் வீடியோ தடுமாறக்கூடும். வண்ணத் திருத்தத்துக்கும் எஃபெக்ட்ஸ் வேலைக்கும் கிராபிக்ஸ் கார்டு உதவும் என்பதை மறுக்கவில்லை. அதை அடுத்த ஆண்டு வாங்கி அதே மதர்போர்டில் பொருத்திக்கொள்ளலாம்.

பின்னால் சேர்க்க முடிந்ததைத் தள்ளிப்போடுங்கள், மாற்றுவதற்குக் கடினமானதில் இப்போது செலவிடுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. ரேம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருப்பதால், நான்கு ரேம் இடங்கள் கொண்ட மதர்போர்டில் 16 ஜிபியோடு தொடங்குங்கள். மூல வீடியோவின் எடை குறைந்த நகல்களான ப்ராக்சி கோப்புகளை உருவாக்கி எடிட் செய்தால் அது போதும். பெட்டியில் வரும் மின்விசிறியே இந்தப் பிராசசருக்குப் போதுமானது, வாட்டர் கூலர் தேவையே இல்லை. காற்றோட்டமுள்ள எளிய கேபினட் 5,000 ரூபாய்க்குள் முடியும். கார்டை விடுவது, ரேமைப் பாதியாக்குவது, எளிய கேபினட் ஆகிய இவற்றால் மட்டும் கொட்டேஷன் 71,000 ரூபாய்க்கு இறங்குகிறது. 80,000 ரூபாயில் மீதமுள்ள 9,000 ரூபாயில் எஃப் இல்லாத பிராசசருக்கான கூடுதல் விலையும் ஒரு யுபிஎஸ்ஸும் அடங்கும். பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்ற 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால், பின்னால் கார்டு வாங்கும்போது அதை மாற்ற நேராது.

சேமிப்பிடத்தைப் பற்றிக் கடைக்காரர் பேசவில்லை. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரு கேமராக்களும் சேர்ந்து 8 மணி நேரம் என்றால் ஒரே கல்யாணத்துக்கு 360 ஜிபி. 1 டிபி எஸ்எஸ்டியில் இரண்டு கல்யாணங்களுக்கு மேல் நிற்காது. முதல் இரண்டு வேலைகளின் கூலியில் வாங்க வேண்டியது பெரிய ஹார்ட் டிஸ்க்தான், கார்டு அல்ல. அதுவரை மூலக் கோப்புகள் ஸ்டூடியோவிலும் ஒரு பிரதியாக இருக்கட்டும் என்று முதலாளியிடம் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்க முடியாத தாலி கட்டும் காட்சி உங்கள் வீட்டில் அழிந்துபோனால், அந்த இழப்பை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

மென்பொருளும் செலவுதான். மாதச் சந்தாவில் வருவது, வேலையில்லாத மாதத்திலும் பணம் கேட்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு 4கே வரை ஏற்றுமதி செய்யும்; ஆனால் எல்லா வகைக் கோப்பையும் அது ஏற்பதில்லை. ‘ஸ்டூடியோ’ எனப்படும் அதன் கட்டணப் பதிப்பு 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். கடையில் திருட்டுப் பதிப்பைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நீங்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர் என்பதால் 18 சதவீத வரி உங்களுக்குத் திரும்பி வராது. அதற்காகப் பில் இல்லாமல் வாங்கிவிட வேண்டாம். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதப்பட்ட பில் கையில் இருந்தால்தான் வாரண்டி கேட்க முடியும். பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கேமராவில் பதிவான ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, அதே பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில், நீங்கள் பயன்படுத்தப் போகும் மென்பொருளிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது தடையின்றி ஓடினால் வாங்குங்கள்.