எட்மன்டன்ல மக வீட்ல இருக்கேன், இந்தக் குளிர்ல ஒரு நாளை ஓட்டறதே பெரும்பாடா இருக்கு

கேள்வி:

மேடம் வணக்கம்.

நான் கோவில்பட்டி பக்கம், பேரு வேண்டாம். ஈபில லைன்மேனா சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர்டு ஆனவன். இப்ப கனடாவுல எட்மன்டன் டவுன்ல, மில்வுட்ஸ்ங்கற ஏரியாவுல மக வீட்ல இருக்கோம், நானும் வீட்டம்மாவும். மகளுக்கு ரெண்டாவது பிரசவம், அதுக்காக அக்டோபர்லயே சூப்பர் விசால, அதான் பெத்தவங்க வந்து ரொம்ப நாள் தங்கறதுக்குக் குடுக்கற விசால, கூட்டியாந்துட்டாக, ஏப்ரல் கடைசிலதான் திரும்ப டிக்கெட்.

வந்த புதுசுல ஒண்ணும் தெரியல. மொதப் பனி விழுந்தன்னைக்கு பேத்தியோட நின்னு போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்ல போட்டேன், எல்லாரும் உனக்கென்னப்பா யோகம்னாக. இப்ப அந்த வெள்ளையப் பாத்தாலே மனசு கனத்துப் போகுது. காலைல எட்டே முக்காலுக்குத்தான் விடியுது, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கும்முனு இருட்டிருது, நடுவுல வர்ற வெளிச்சமும் மோடம் போட்ட மாதிரி கிடக்கு. போன வாரம் மைனஸ் முப்பதுக்குப் போயிருச்சு. வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கறதால காத்து காஞ்சு போயி, மூக்குக்குள்ள வெடிச்சு ரத்தம் வருது, கதவுப் பிடியத் தொட்டா சுளீர்னு ஷாக் அடிக்குது. இது ஸ்டேட்டிக் கரண்டுதான், ஆபத்தில்லன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் திடுக்குங்குது.

வீட்டம்மாவுக்கு இங்க பொழுது போதமாட்டேங்குது. பச்சப் பிள்ளைய குளுப்பாட்ட, மகளுக்கு பத்தியம் ஆக்கன்னு காலைலருந்து ஓட்டமா இருக்கா. மாப்ள ஏழரைக்கே வேலைக்குப் போயிருவாரு, மூத்த பேத்தி ஆறு வயசு, அவ ஸ்கூலுக்குப் போயிருவா. நான் மட்டும் ஹால்ல சோபால உக்காந்து சன்னல் வழியா ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா கிடையாது. எந்திரிச்சு ஒரு வேலை செய்யலாம்னு போனா நீங்க சும்மா உக்காருங்கப்பாங்கறா மக. வெளிய போனா வழுக்கி விழுந்துருவீக, இன்சூரன்ஸ் ஆயிரத்தெட்டு கேள்வி கேப்பாங்கறா. அவ சொல்றதும் நியாயந்தான். ஆனா மக வீட்ல, மாப்ள சம்பாத்தியத்துல, ஒரு துரும்பக் கூட நகட்டாம உக்காந்து சாப்புடுறதுக்கு எனக்கு தொண்டைல சோறு இறங்க மாட்டேங்குது மேடம்.

மத்தியானம் சாப்புட்டதும் ரெண்டு மூணு மணி நேரம் தூங்கிருறேன், ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு முழிச்சிருறேன். அப்புறம் விடியற வரைக்கும் போன்தான், ஊர் குரூப்ல யாரு என்ன போட்டிருக்காகன்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். பசியும் முன்ன மாதிரி இல்ல. சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா சாப்புடுறேன், கொண்டாந்த மாத்திரை ஏப்ரல் வரைக்கும் இருக்கு. பேத்தி ஸ்கூல் விட்டு வந்து தாத்தான்னு மடில ஏறுனா மட்டும் கொஞ்ச நேரம் மனசு லேசாகுது, அவ படிக்க உக்காந்துட்டா திரும்பவும் அதே மாதிரி ஆயிருது. காரணமே இல்லாம சில சமயம் கண்ணு கலங்குது, நான் அப்பிடிப்பட்ட ஆளே கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிரலாமான்னு தோணுது. டிக்கெட்ட மாத்துனா காசு நெறைய ஆகும், மக மனசும் உடைஞ்சு போகும், வீட்டம்மா வரமாட்டா. இது குளிரா, வயசா, இல்ல எனக்கு ஏதும் மனக்கோளாறா? எப்பிடி இந்த நாளக் கழிக்கறது?

பதில்:

அய்யா, வணக்கம்.

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். மூணு விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து உங்கள அமுக்குது. ஒண்ணு வெளிச்சம், ஒண்ணு தூக்கம், மூணாவது நீங்களே சொன்ன அந்த தொண்டைல இறங்காத சோறு. இது மூணுல கடைசிதான் பெருசு, ஆனா மொத ரெண்ட சரி பண்ணாம அதத் தொட முடியாது, அதனால அதுலருந்து வர்றேன்.

கோவில்பட்டில வருஷம் முழுக்க பாத்தாலும் பகல் நேரம் ஒரு மணி நேரம் போலத்தான் கூடும் குறையும். அந்த வெயில்லயே அறுபது வருஷம் வாழ்ந்த உடம்பு உங்களுது, அதுவும் கம்பத்து மேல ஏறி வெட்டவெளில வேலை பாத்த உடம்பு. எட்மன்டன்ல டிசம்பர் கடைசில பகலே ஏழரை மணி நேரந்தான். காலை வெளிச்சம் கண்ணுல பட்டாத்தான் மூளை தூக்கத்துக்கான மெலடோனின்ங்கற ஹார்மோனக் கொறச்சு, நாள் ஆரம்பிச்சிருச்சுன்னு உடம்புக்கு சொல்லும். அது படலேன்னா சோர்வு, அழுகை, வேண்டாத நேரத்துல தூக்கம் எல்லாம் வரும். குளிர்கால மனச்சோர்வுன்னு இத 1984லயே மருத்துவ ஆய்வுல விவரிச்சு எழுதிட்டாங்க. அந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்களுக்கே வருது, அதனால நான் அப்பிடிப்பட்ட ஆள் கிடையாதேன்னு நீங்க வெக்கப்பட இதுல எதுவுமே இல்ல.

இதுக்கு மேல தூக்கத்த இன்னொண்ணும் கெடுக்குது. எட்மன்டனுக்கும் நம்ம ஊருக்கும் இப்ப பன்னெண்டரை மணி நேர வித்தியாசம். நீங்க ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு போன எடுக்கறப்போ இங்க மத்தியானம் ரெண்டரை, ஊர் குரூப் நல்லா சூடா ஓடிக்கிட்டிருக்கும், டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, யாரு வீட்டு விசேஷம்னு. அப்போ உங்க மனசு முழுக்க கோவில்பட்டில பகல்ல இருக்கு, உடம்பு மட்டும் எட்மன்டன்ல இருட்டுல படுத்துக் கெடக்கு. இப்பிடி தினமும் நடந்தா எந்த ஊர் நேரமும் உடம்புல நிக்காது. ஊரோட பேசுறத விட்டுருங்கன்னு நான் சொல்லமாட்டேன், அது உங்களுக்கு சோறு மாதிரி. ஆனா நேரத்த மாத்துங்க. உங்க காலை எட்டு மணி இங்க ராத்திரி எட்டரை, உங்க சாயங்காலம் ஏழு மணி இங்க காலை ஏழரை, இந்த ரெண்டு நேரத்துலயும் கூட்டாளிங்க வீட்லதான் இருப்பாங்க, குரூப்ல டைப் பண்ணாம கூப்புட்டே பேசுங்க. ராத்திரி போன ஹால்லயே சார்ஜ்ல போட்டுட்டு ரூமுக்குப் போங்க. மத்தியானத் தூக்கம் அரை மணி நேரத்தோட போதும், மூணு மணிக்கு மேல படுக்கவே வேண்டாம். மொத ஒரு வாரம் கஷ்டமா இருக்கும், தூக்கம் கண்ணச் சொக்கும், அந்த நேரத்துல உக்காராதீங்க, எந்திரிச்சு நடங்க.

அந்தக் குளிர் ஊர்கள்ல வெளிச்சத்துக்கு டாக்டருங்க ஒரு விளக்கு சொல்லுவாங்க, 10,000 லக்ஸ் வெளிச்சம் தர்ற மேசை விளக்கு, காலைல எந்திரிச்சதும் அரை மணி நேரம் கிட்ட உக்காந்து பேப்பர் படிச்சா போதும், விளக்கையே உத்துப் பாக்க வேண்டியதில்ல. கனடாவுல சில நூலகங்கள்லயே இந்த விளக்க மேசைல வெச்சிருக்காங்க, உங்க ஏரியாவுலயும் கேட்டுப் பாருங்க. ஆனா உங்களுக்கு சுகர் இருக்கு, சுகரால விழித்திரைல பாதிப்பு இருந்தா கண் டாக்டர கேக்காம இத உபயோகிக்கக் கூடாது. அதே மாதிரி மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்புடுறவங்களுக்கு பி12 சத்து கொறையறது உண்டு, அதுலயும் இதே சோர்வும் மனக்கனமும் வரும், வைட்டமின் டியும் தைராய்டும் கூட பாக்கணும். மகள ஒரு வாக்-இன் கிளினிக்குக்கு, அதாவது முன்பதிவு இல்லாம நேரா போகற கிளினிக்குக்கு, கூட்டிட்டுப் போகச் சொல்லி ஒரே ரத்தப் பரிசோதனைல எல்லாத்தையும் பாத்துருங்க. இன்சூரன்ஸ் இதுக்கு தருமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, இந்த மாதிரி பாலிசிங்க பழைய வியாதிக்கு கைய விரிக்கறதும் உண்டு. கொஞ்சம் காசு போனாலும் பரவால்ல, பாத்துருங்க.

இப்ப அந்தச் சோத்து விஷயம். மக வீட்ல உக்காந்து சாப்புடுறோமேங்கறது நம்ம ஊர்ல ஆம்பளைங்களுக்கு எவ்ளோ பெரிய குத்தல்னு எனக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் பிள்ளைங்ககிட்ட போற அப்பாக்கள் நிறைய பேர் என்கிட்ட இதத்தான் சொல்றாங்க. அம்மாக்களுக்கு அங்க போய் இறங்குன அன்னிக்கே அடுப்படியும் குழந்தையும் கைக்கு வந்துருது. அப்பாக்களுக்கு சோபாவும் ரிமோட்டும்தான். ஓய்வா இருக்கட்டும்னு பாசத்துல செய்யறாங்க, ஆனா ஊர்ல லைன் போயிருச்சுன்னு நாலு பேரு தேடி வந்த மனுஷனுக்கு அது பெரிய தண்டனை. குளிர் போனாலும் இது போகாது, அதனால ஏப்ரல் வரைக்கும் எப்பிடியோ ஓட்டிருவோம்னு இருக்காதீங்க. உங்களுக்கு அந்த வீட்ல ஒரு பொறுப்பு வேணும், நீங்க செய்யலேன்னா அன்னிக்கு அந்தக் காரியம் நடக்காதுங்கற மாதிரி பொறுப்பு.

மாப்ள கார் முன்பக்கம் ஒரு பிளக் வயர் தொங்கிக்கிட்டு இருக்கும், பாத்திருப்பீங்க. அது பிளாக் ஹீட்டர், எஞ்சின் உறையாம இருக்க ராத்திரி அதுல கரண்டு குடுக்கணும், மைனஸ் பதினஞ்சு இருபதுக்குக் கீழ போனா ரொம்பவே அவசியம். ராத்திரி முழுக்க விட வேண்டாம், கிளம்பறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி ஓடுனா போதும், அதுக்கு டைமர் இருக்கு. இந்த வேலைய நீங்க கேட்டு வாங்குங்க. வயர் தோல் வெடிச்சிருக்கா, எக்ஸ்டன்ஷன் கார்டு வெளில போடற ரகமா, டைமர் சரியா ஓடுதான்னு உங்கள விட நல்லா பாக்க அந்தத் தெருவுலயே ஆள் இருக்காதுய்யா. மாப்ளகிட்ட நேரா சொல்லுங்க, “மாப்ள, இன்னிலேர்ந்து வண்டிக்கு பிளக் போடறது என் பொறுப்பு, காலைல நீங்க போயி ஸ்டார்ட் பண்ணா போதும்.” ஒரு மாப்பிள்ளையும் வேண்டாம்னு சொல்லமாட்டார்.

பனி அள்ளற வேலைய மட்டும் கேக்காதீங்க. பாக்க லேசா இருக்கும், ஆனா குளிர்ல அந்த பாரத்தத் தூக்கித் தள்ளறது இதயத்துக்கு ரொம்ப ஆபத்து, சுகர் இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். அதுக்குப் பதிலா நடைபாதைல மணல் தூவலாம், எட்மன்டன்ல மாநகராட்சியே இதுக்குன்னு பெட்டில மணல் வெச்சிருக்கு, இலவசமா எடுத்துக்கலாம். பேத்தியோட ஸ்கூல் நடக்கற தூரம்னா கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றதும் உங்க வேலை. அதுல அந்தப் பிள்ளைக்கு ஸ்னோ பேண்ட், பூட்ஸ், தொப்பி, கையுறைன்னு ஒவ்வொண்ணா மாட்டி விடறதே பத்து நிமிஷ வேலை, அந்த பத்து நிமிஷம் உங்க மனசுக்கு எந்த மாத்திரையும் தராதத தரும். நீங்களும் உள்ள தெர்மல், மேல கம்பளி, அதுக்கு மேல காத்து புகாத கோட்டுன்னு அடுக்கிப் போடுங்க. பருத்தி பனியன் வேண்டாம், வேர்வைய இழுத்து வெச்சுக்கிட்டு குளிர ஏத்தும். பூட்ஸ் மேல மாட்டற இரும்புப் பல் வெச்ச ரப்பர் பட்டி கடைல கெடைக்கும், அது மாட்டுனா வழுக்கற பயம் பாதி கொறையும், மக மறுக்கறதும் கொறையும். காத்தோட சேத்து மைனஸ் 28க்குக் கீழ காட்டுதுன்னா மூடாத தோல் பத்துலருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள உறைஞ்சு போகலாம், அன்னிக்கு கார்லயே போகட்டும்.

வாரத்துல ரெண்டு நாள் வீட்ட விட்டு வெளிய வேற ஒரு இடம் வேணும். மில்வுட்ஸ் டவுன் சென்டர் பக்கத்துல நூலகம் இருக்கு, அதே கட்டடத்துல பெரியவங்களுக்கான மையமும் இருக்கு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அந்த ஏரியாவுல பஞ்சாபி தாத்தாக்கள் நிறைய, பாஷை தெரியாதேன்னு தயங்காதீங்க, ரிட்டயர்டு ஆன ரெண்டு ஆம்பளைங்க சுகரப் பத்தி பேச அஞ்சாறு இங்கிலீஷ் வார்த்தை போதும். 2023 நவம்பர்லருந்து மில்வுட்ஸ்லேர்ந்து டவுன்டவுனுக்கு வேலி லைன் டிராம் ஓடுது, அதுல மட்டார்ட்னு ஒரு ஸ்டாப். இறங்குனா நாலு கண்ணாடி பிரமிடு, ஒண்ணுக்குள்ள வெப்பநாட்டுச் செடியா வளக்கறாங்க, உள்ள போனதும் மழை பேஞ்ச தோட்டம் மாதிரி கதகதன்னு ஈரக்காத்து அடிக்கும். டிக்கெட் உண்டு, ஆனா பேத்தியும் நீங்களும் ஒரு சனிக்கிழமை அங்க ரெண்டு மணி நேரம் இருந்தா உங்க மூக்குக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது. வீட்டுக்கு ஒரு ஹியூமிடிஃபையர், அதான் காத்துல ஈரம் சேக்கற மிஷின், வாங்கச் சொல்லுங்க, ரத்தம் வர்றதும் ஷாக் அடிக்கறதும் ரெண்டுமே கொறையும். அது அந்தப் பச்சைக் குழந்தைக்கும் உதவும்.

ஊருக்குப் போயிரலாமான்னு கேட்டீங்க. போறது தப்பே இல்ல, அத மனசுல தோல்வியா எழுதிக்காதீங்க. ஆனா பொங்கலுக்கு அவசரப்பட்டு முடிவு எடுக்காதீங்க, இருட்டும் தூக்கக்கேடும் சேந்து பேசற நேரம் இது. முதல்ல மககிட்ட சொல்லுங்க. “எனக்கு இங்க ஒண்ணும் குறையில்ல பாப்பா, ஆனா வேலை இல்லாம இருக்க முடியல, ராத்திரி தூக்கமும் இல்ல, ஒரு மாசம் பாப்போம், சரியாகலேன்னா அப்பா முன்னாடியே கெளம்பறேன், நீ வருத்தப்படக் கூடாது”ன்னு இவ்ளோதான். வீட்டம்மாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு சொல்லுங்க, அவங்க இத ஏற்கெனவே கவனிச்சிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பிப்ரவரி வந்தா அங்க தினமும் கிட்டத்தட்ட நாலு நிமிஷம் பகல் நீளும், மாசக் கடைசில உங்களுக்கே வித்தியாசம் தெரியும், அப்போ உக்காந்து டிக்கெட்டப் பத்தி யோசிங்க.

இது மனக்கோளாறான்னும் கேட்டீங்க. பேத்தி வந்தா மனசு லேசாகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது எனக்கு நம்பிக்கையா இருக்கு. ஆனா தூக்கத்தையும் நேரத்தையும் மாத்தி ரெண்டு வாரம் ஆனப்புறமும் நாள் முழுக்க அதே கனம், சாப்பாடே வேண்டாம், பேத்தி வந்தாலும் ஒண்ணும் தோணலேன்னா அது மருந்தும் சிகிச்சையும் வேண்டிய மனச்சோர்வா இருக்கலாம், டாக்டர்கிட்ட இத மறைக்காம சொல்லணும். ஆல்பர்ட்டால 811க்கு எந்த நேரமும் கூப்புட்டா நர்ஸ் பேசுவாங்க, காசு கிடையாது, தமிழ்ல பேச மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. நெஞ்சு வலி, மூச்சு முட்டல்னா யோசிக்காம 911. வாழ்றதே வேண்டாம்னு ஒரு நிமிஷம் தோணுனாலும் மகள எழுப்புங்க, தற்கொலை எண்ணம் வந்தா உதவிக்குக் கூப்புடற எண் 988, அதுக்குக் கூப்புடச் சொல்லுங்க, ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் சரி.

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க அய்யா. எத்தன மணிக்குப் படுத்தீங்க, எத்தன மணிக்கு எந்திரிச்சீங்கன்னு ஒரு வாரத்துக்கு ஒரு பேப்பர்ல குறிச்சு, அதையும் சேத்து அனுப்புங்க.