காந்தம் வைத்த ட்ரெயின் நட் இன்ஜினுக்குப் பயன் தருமா?

பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகும் தம்பி, தன் மைவி காருக்குக் காந்தம் வைத்த ட்ரெயின் நட் (பழைய ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் கழற்றும் திருகு) போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடலாம் தம்பி. ஆனால் இன்ஜின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காந்தம் பிடிப்பது இரும்பு, எஃகுத் துகளை மட்டும்தான். பிஸ்டனின் அலுமினியம், பேரிங்கின் செம்பு, ஈயம், ஆயிலில் சேரும் கரி, தூசு எதுவும் ஒட்டாது. பெரிய துகள்களை ஃபில்டரே பிடித்துவிடும். அதில் நழுவும் பொடி எஃகில் கொஞ்சம் காந்தத்தில் சிக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதன் உண்மையான மதிப்பு வேறு. ஆயில் மாற்றும்போது நட்டை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மை போல வழுக்கும் சாம்பல் பசை என்றால் வழக்கமான தேய்மானம். ஊசி போலவோ செதிள் போலவோ நகத்தில் தட்டுப்பட்டால் உள்ளே ஏதோ உடைகிறது. அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மேனுவல் கியர்பாக்ஸில் பெரும்பாலும் ஃபில்டரே கிடையாது. அங்கே இந்த நட் கட்டாயம் வேண்டும் என்பேன்.

வாங்கும்போது சூடு தாங்கும் காந்தமா என்று கேளுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும். இன்ஜின் ஆயிலோ 100 டிகிரியைத் தொடும். காந்தம் கழன்று வராதபடி அழுத்திப் பதித்திருக்க வேண்டும். மரை அளவு சரியாக இருக்கட்டும், வாஷர் புதிதாகப் போடுங்கள். அலுமினிய ஆயில் தொட்டியில் வெறித்தனமாக முறுக்கினால் மரை போய்விடும். அந்தச் செலவு நட்டின் விலையைப் போல பல மடங்கு.