பார்வை எண்ணிக்கைக்காகப் பணம் கட்டலாமா?

கேள்வி: தமிழில் வலைப்பதிவு எழுதுகிறேன். ஒரு பதிவுக்கு ஐம்பது பார்வை வருவதே பெரிய விஷயமாக இருக்கிறது. பணம் கட்டி விளம்பரப்படுத்தினால் பயன் உண்டா?

பதில்: பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் அந்த ஐம்பது பேர் யார் என்று பாருங்கள். கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகர் உள்ளேயே காட்டும் எண்ணில் மனிதர்கள் மட்டும் இருப்பதில்லை. பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் வந்து போவதும் அதில் கலந்துவிடும். இம்பெர்வா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் இணையப் போக்குவரத்தில் 49.6 சதவீதம் பாட்களுடையது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் சிங்கப்பூரிலிருந்து நூற்றுக்கணக்கில் பார்வை வந்தால், அங்கே தமிழ் வாசகர்கள் இருப்பதால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். ஆனால் பாட்கள் இயங்கக்கூடிய பெரிய தரவு மையங்களும் சிங்கப்பூரில் நிறைய இருக்கின்றன. ஒரே இரவில் பழைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பார்வை ஏறியிருந்தால் அது பெரும்பாலும் வாசகர் வேலை இல்லை.

அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதைப் பாருங்கள். மீடியம் என்ற எழுத்துத் தளம் பார்வையையும் வாசிப்பையும் தனித்தனியாகக் காட்டுகிறது. முப்பது விநாடியாவது நின்றால்தான் அங்கே வாசிப்பு என்று கணக்கு. தளத்துக்கு வருகிறவர்களை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் பத்து விநாடியைத் தாண்டிய வருகையை ஈடுபாடுள்ளது என்று தனியே பிரிக்கிறது. பத்து விநாடியில் யாரும் ஒரு கட்டுரையைப் படித்துவிட முடியாதுதான். ஆனாலும் வெறும் பார்வையைவிட அது நேர்மையான எண்.

இனி விளம்பரம். டம்ளர் (Tumblr) என்ற வலைப்பதிவுத் தளம் 2022 ஏப்ரலில் 'பிளேஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அப்போது பத்து டாலர் கட்டினால் நம் பதிவு 2,500 முறை மற்றவர்கள் திரையில் தோன்றும் என்றார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 760 ரூபாய், அதாவது ஒரு தோற்றத்துக்கு முப்பது காசு. மலிவுதானே என்று தோன்றும். ஆனால் யாருக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி தொடக்கத்தில் இல்லை. தமிழே தெரியாத ஒருவர் திரையில் உங்கள் தமிழ்ப் பதிவு தோன்றி, அவர் விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் காசு போனது போனதுதான். தோற்றம் வேறு, சொடுக்கு வேறு, வாசிப்பு வேறு. எந்தத் தளம் விளம்பரம் விற்றாலும் இந்த மூன்றில் எதை விற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஃபேஸ்புக்கில் இடம், வயது, மொழி எல்லாம் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் தமிழ்ப் பதிவுக்கு அது எவ்வளவோ மேல். அங்கேயும் கவனம் வேண்டும். 'பூஸ்ட்' பொத்தானை அப்படியே அழுத்தினால் விருப்பக்குறி போடுகிறவர்களைத் தேடிப் போய்க் காட்டக்கூடும். விளம்பர மேலாளர் (Ads Manager) என்ற கருவிக்குள் போய், சுட்டியைச் சொடுக்குவோர் என்பதற்குப் பதிலாகப் பக்கம் திறக்கும் வரை காத்திருப்போர் என்ற இலக்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவே கணிசமான பேர் உதிர்ந்துவிடுவார்கள்.

"ஆயிரம் பார்வை இவ்வளவு ரூபாய்" என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறார்களே, அந்தப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். வலைப்பதிவில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018-இல் தமிழை ஏற்ற பிறகு நம்மில் பலர் அதை நம்பி எழுதுகிறோம். விலைக்கு வாங்கிய போலிப் போக்குவரத்து பிடிபட்டால் கணக்கை முடக்கி, சேர்ந்திருக்கும் வருமானத்தையும் பிடித்துக்கொள்ள ஆட்சென்ஸ் விதிகளில் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி பாட்களை வைத்து உண்டாக்கிய பார்வைகளையும் பின்தொடர்வோரையும் வணிகத்துக்காகத் தெரிந்தே வாங்குவதையும் விற்பதையும் 2024 அக்டோபரிலிருந்து விதி போட்டே தடுத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்குக் கேடு செய்கிற வியாபாரம் அது.

நான் மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன். என் பதிவுகளில் நின்று படிக்கப்படுபவை எல்லாம் தேடி வந்தவர்களால்தான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் தேடும்போது அவருக்குப் பதில் உடனே வேண்டும். கடைசி வரி வரை படிப்பார், சந்தேகம் கேட்டுப் பின்னூட்டமும் போடுவார். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்று அதில் தெரியும். அந்தச் சொற்களுக்கு உங்கள் பதிவு உண்மையிலேயே பதில் சொல்கிறதா என்று பார்த்துத் திருத்தி எழுதுங்கள். மாதக்கணக்கில் ஆகும்; ஆனால் அப்படி வந்தவர்கள் திரும்பவும் வருகிறார்கள்.

சரி, பணமே கட்டக் கூடாதா? கட்டலாம். தேதி உள்ள செய்திக்குக் கட்டுங்கள்: புத்தக வெளியீடு, விதைத் திருவிழா, பயிற்சி வகுப்பு. நாள் கடந்தால் அதற்கு மதிப்பில்லை, தேடுபொறி வழியாக ஆள் வரக் காத்திருக்கவும் முடியாது. உங்கள் ஊர், பக்கத்து ஊர், தமிழ் என்று மட்டும் வைத்து, சில நூறு ரூபாயில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் தொகையைக் கூட்டலாம்.