பர்ஸை 'மிஸ்' பண்ணலாமா?

கேள்வி: பர்ஸைத் தொலைத்துவிட்டு 'ஐ மிஸ்ட் மை பர்ஸ்' என்றேன். உடன் இருந்தவர் சிரித்துவிட்டார். அதில் என்ன தப்பு?

பதில்: நானும் அந்தச் சிரிப்பை வாங்கியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் 'ஐ மிஸ்ட் தி ஃபைல், சார்' என்றேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அதன் மேல் அவ்வளவு பாசமா?" என்று கேட்டார். ஃபைல் அவர் மேஜையிலேயே இருந்தது என்பது வேறு கதை.

'மிஸ்' என்ற வினைக்கு அடிப்படைப் பொருள் குறி தவறுவது. எறிந்த பந்து ஸ்டம்பில் படாவிட்டால் மிஸ். ஓடியும் பஸ் கிடைக்காவிட்டால் மிஸ். வகுப்புக்குப் போகாவிட்டாலும் அதே. அப்புறம், இருக்க வேண்டியவர் இல்லாத வெறுமைக்கும் அந்தச் சொல்தான். 'ஐ மிஸ் யூ' என்பதைத் தமிழில் ஒரே வினையில் அடக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். 'நீ இல்லாமல் என்னவோ போல இருக்கிறது' என்று நீண்டுவிடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆளையே திருப்பிப் போட்டு, 'நீ எனக்குக் குறைகிறாய்' என்பது போலச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது.

ஆக, நீங்கள் சொன்னது 'பர்ஸை நினைத்து ஏங்கினேன்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. தொலைத்ததற்கு 'ஐ லாஸ்ட் மை பர்ஸ்' என்றே சொல்லுங்கள். 'மிஸ்'ஸை விட மனமில்லை என்றால் 'மை பர்ஸ் இஸ் மிஸ்ஸிங்' என்பதும் சரி.

அது சரி, பர்ஸ் கிடைத்ததா இல்லையா?