லாடெக்கில் தலைப்பை அடுத்த முதல் பத்தி மட்டும் உள்தள்ளப்படவில்லை

ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக்கில் (LaTeX) உள்தள்ளல் அளவை 1 செ.மீ. என மாற்றியும், தலைப்பை அடுத்த முதல் பத்தி மட்டும் ஓரத்தை ஒட்டியே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இண்டென்ட்ஃபர்ஸ்ட் (indentfirst) என்னும் கூடுதல் வசதித் தொகுப்பை, ஆவண வகுப்பை (ஆவணத்தின் அடிப்படை அமைப்பை) அறிவிக்கும் வரிக்குக் கீழே யூஸ்பேக்கேஜ் (\usepackage) கட்டளையால் சேருங்கள். தலைப்புகளை அடுத்து வரும் முதல் பத்திகளும் மற்றவற்றைப் போலவே உள்தள்ளித் தொடங்கும்.

பத்தி உள்தள்ளலைக் குறிக்கும் பார்இண்டென்ட் (\parindent) அளவை நீங்கள் 1 செ.மீ. என மாற்றியும் அந்த ஒரு பத்தி அசையாததற்கு அளவு காரணமன்று. ஆர்ட்டிகிள், ரிப்போர்ட், புக் ஆகிய வகுப்புகள், புதிய பத்தி தொடங்குவதைத் தலைப்பே காட்டிவிடுகிறது என்னும் ஆங்கில அச்சு மரபைப் பின்பற்றி, அங்கே உள்தள்ளலை வேண்டுமென்றே நீக்குகின்றன. பத்தியின் தொடக்கத்தில் இண்டென்ட் (\indent) கட்டளையைக் கைப்பட எழுதினாலும் அது இடும் வெற்றிடத்தையும் அதே ஏற்பாடு அகற்றிவிடும் என்பதால், அவ்வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உறுதிசெய்ய, அதே தலைப்பின் கீழுள்ள இரண்டாம் பத்தியைப் பாருங்கள். அது 1 செ.மீ. தள்ளித் தொடங்கினால் மேற்சொன்னதே காரணம். அதுவும் ஓரத்தை ஒட்டி நின்றால், பார்ஸ்கிப் (parskip) தொகுப்பு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது உள்தள்ளலைச் சுழியமாக்கிப் பத்திகளுக்கிடையே இடைவெளி விடுவதால், உங்கள் அளவை அதற்குப் பின்னரே குறிக்க வேண்டும்.

ஆய்விதழோ பல்கலைக்கழகமோ தனக்கென வகுப்புக் கோப்பு வழங்கியிருந்தால், இவற்றில் எதையும் மாற்றாமல் அதன் அமைப்பையே பின்பற்றுங்கள்.