ஹாங்க் ஆரனின் அந்தக் குளிர்காலம்: பேஸ்பால் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். பேப் ரூத்தை எல்லோரும் இன்றும் கொண்டாடுவது ஏன்?

பதில்: 714 ஹோம் ரன்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஹோம் ரன் என்பது, கிரிக்கெட் சிக்ஸர் போல, பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிப்பது. ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் அவர் முதலில் பெயர் வாங்கியது பந்தை எறிபவராகத்தான். அந்த வேலையில் மட்டும் 94 வெற்றிகள் அவர் கணக்கில் உண்டு. பிறகு நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். 1927-இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள். அந்த ஆண்டு, இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மற்ற ஏழு அணிகளில் ஒன்றுகூட, மொத்த அணியாகச் சேர்ந்தும் அத்தனை அடிக்கவில்லை.

கேள்வி: பாரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்கள் அடித்து முதலிடம் பிடித்த பிறகும் நீங்கள் ஏன் எப்போதும் ஹாங்க் ஆரனையே சொல்கிறீர்கள்?

பதில்: 1973 பருவம் முடிந்தபோது ஆரன் 713-இல் நின்றார். ரூத்தைத் தொட ஒன்று, தாண்ட இரண்டு. ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். ஒரு கறுப்பின வீரர் ரூத்தைத் தாண்டக் கூடாது என்று கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்தன. மறுபருவத்தின் முதல் ஆட்டத்தில், மட்டையைச் சுழற்றிய முதல் முறையிலேயே 714. நான்கு நாள் கழித்து, 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில், ஆல் டவுனிங் எறிந்த பந்தில் 715. அந்தக் காணொளியைப் பாருங்கள். இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து அவர் தோளைத் தட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். ஓட்டம் முடியும் இடமான வீட்டுத்தட்டருகே (ஹோம் பிளேட்) ஆரனின் தாய் ஓடிவந்து மகனை இறுகக் கட்டிக்கொள்கிறார். மிரட்டல் கடிதங்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த அணைப்பின் பொருளே வேறு.

ஆரன் 755-இல் ஓய்வு பெற்றார். ஒரு பருவத்தில்கூட 50 ஹோம் ரன்கள் அடித்தவரில்லை, அதிகபட்சம் 47. இருபத்து மூன்று ஆண்டுகள் ஓயாமல் சேர்த்த கணக்கு அது. அந்த 755-ஐயும் கழித்துவிடுங்கள், அப்போதும் 3,016 ஹிட்கள் மிஞ்சும் (ஹிட் என்பது பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் ஓடி ஒரு தளத்தையாவது எட்டுவது). அணிக்கு ஓட்டம் சேர்த்துத் தந்ததில் அவருடைய 2,297 இன்றும் முதலிடத்தில் இருக்கிறது.

கேள்வி: டெட் வில்லியம்ஸின் .406 சராசரி அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 406 ஹிட் என்ற விகிதம் அது. முந்நூறு எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர். 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவருடைய சராசரி .39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் முழுமையாக்கி .400 என்றே பதிவாகியிருக்கும். அவர் ஆடினார். ஃபிலடெல்ஃபியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 8-க்கு 6 ஹிட். அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதன் பிறகு எவரும் .400-ஐத் தொடவில்லை.

கேள்வி: டை காப்பின் வாழ்நாள் சராசரி சாதனையை யாரோ முறியடித்ததாக 2024-இல் படித்தேன். இத்தனை வருடம் கழித்து எப்படி?

பதில்: அவர் ஜாஷ் கிப்சன். கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர். 2024 மே மாதம் அந்த லீக்குகளின் கணக்கும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தது, காப்பின் .367-க்கு மேலே கிப்சனின் .372 ஏறியது. அவர் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டு ஏப்ரல் 15-இல்தான் ஜாக்கி ராபின்சன், அந்தத் தடையை உடைத்த கறுப்பின வீரர், புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு களமிறங்கினார். மூன்றே மாத இடைவெளி.

கேள்வி: 42-ஆம் எண் சட்டையை இப்போது யாரும் அணிவதில்லையே?

பதில்: அது ராபின்சனின் எண். 1997-இல் எல்லா அணிகளும் அதற்கு ஓய்வு கொடுத்தன. ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் அதையே அணிவார்கள்.